மீதித் தொகை மறு தாளில் விழாதிருக்க

நோட்டன் பிரிட்ஜ் போன்ற தோட்டப் பகுதிக் கடைகளில் சம்பள நாள் வரை கடன் கொடுத்தே வியாபாரம் ஓடுகிறது. கொப்பியை விட்டு எக்செலில் கணக்கு வைக்கும் வியாபாரிகளுக்கு ஒரு தலையிடி உண்டு. பட்டியலை அச்சிட்டால் பெயர் ஒரு தாளிலும் மீதித் தொகை இன்னொரு தாளிலும் வந்து விழும். தாள் மாறினால் ஒருவர் கடன் மற்றவர் தலையில். கடனை எழுதி வைக்கச் சொல்லும் சூரத்துல் பகரா 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. எழுத்தில் இந்தக் குழப்பம் ஆகுமா?

முதலில் தாளின் அளவைப் பாருங்கள். எக்செலில் அமெரிக்க 'லெட்டர்' அளவு, அதாவது 216 x 279 மி.மீ., இருக்கக்கூடும். நாம் வாங்குவதோ 210 x 297 மி.மீ. கொண்ட ஏ4. 'பேஜ் லேஅவுட்' பகுதியில் 'சைஸ்' என்பதை ஏ4 ஆக்குங்கள். பிரிண்டரிலும் அதையே வையுங்கள். நிரல்கள் அதிகமென்றால் தாளை லேண்ட்ஸ்கேப்பாகத் திருப்பலாம்.

அடுத்து 'ஸ்கேல் டு ஃபிட்'டில் 'விட்த்' 1 பேஜ், 'ஹைட்' ஆட்டோமேட்டிக். ஹைட்டையும் 1 ஆக்கிவிடாதீர்கள். முந்நூறு பெயரும் ஒரே தாளில் சுருங்கி, வாசிக்கப் பூதக்கண்ணாடி தேட வேண்டிவரும். 'பிரிண்ட் டைட்டில்ஸ்' கொடுத்தால் தலைப்பு வரி ஒவ்வொரு தாளிலும் வரும். எக்செல் 2010 முதல், கன்ட்ரோல், பி இரண்டையும் சேர்த்து அழுத்தினாலே எத்தனை பக்கம் என்பது அச்சிடுமுன் தெரிந்துவிடும்.