அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

2020 ஜனவரி 11, 12 தேதிகளில் கொச்சியை அடுத்த மரடுவில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அங்கே வீடு வாங்கியவர்கள் ஏமாளிகள் அல்ல. பணம் கொடுத்து, பத்திரம் பதிந்து, வீட்டு வரி கட்டி, பல ஆண்டுகள் குடியிருந்தவர்கள். ஆனால் அந்தக் கட்டடங்கள் கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறி எழுந்தவை என்று உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் சொன்னபோது, கையிலிருந்த பத்திரம் அவர்களைக் காப்பாற்றவில்லை. இடைக்கால இழப்பீடாகத் தலா ரூ.25 லட்சம் வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. வீடு போனது போனதுதான்.

"ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, இனி பயமில்லை" என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலும் ஆழமாக வேரோடியிருக்கிறது. பத்திரத்தைப் பதிவு செய்யும் சார்பதிவாளர், விற்பவருக்கு அந்தச் சொத்தில் உண்மையிலேயே உரிமை இருக்கிறதா என்று தீர்ப்பு சொல்பவர் அல்ல. தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றைப் பற்றிய வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொன்னது. உரிமையை ஆராயும் பொறுப்பு வாங்குபவருடையது. அதைச் செய்ய அவருக்குக் கிடைக்கும் நல்ல காலம், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய சில வாரங்கள்.

நடப்பதோ தலைகீழ். கணவனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறார்கள். சமையலறை மேடை, பால்கனி, வாசல் பார்க்கும் திசை எல்லாம் பிடித்துப்போகிறது. "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாங்க" என்கிறார் தரகர். ஒரு லட்சம் டோக்கன் கைமாறுகிறது. அதன் பிறகுதான் வக்கீலைத் தேடுகிறார்கள். பணம் கொடுத்த பின் கேட்கும் கேள்விக்கு வரும் பதிலும், கொடுக்கும் முன் கேட்கும் கேள்விக்கு வரும் பதிலும் ஒன்றாக இருப்பதில்லை.

முதலில் தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் இதை இலவசமாகவே பார்க்கலாம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும், அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்பதையும் வருவாய்த்துறையின் இணைய சேவையில் சரிபார்க்கலாம். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு, கோயில் நிலம் என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் எல்லாம் சரி என்று எண்ணிவிடக் கூடாது. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் தெரியும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. அதனால் பதியாத உயில் அதில் இருக்காது. குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கும் தெரியாமல் போகலாம். தந்தை இறந்து பிள்ளைகள் விற்கும் சொத்தென்றால் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். இந்து குடும்பமானால் மகன்களோடு மகள்களும் தாயும் கையெழுத்திட வேண்டும். "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே சீர் செஞ்சாச்சு, அவங்க கேட்க மாட்டாங்க" என்ற வாய்வார்த்தையை நம்பி வாங்கிய வீடுகள்தான் பின்னாளில் நீதிமன்றப் படியேறுகின்றன. அந்த அக்கா பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்பதே கேள்வி. மைனரின் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் விற்றதை, அந்தப் பிள்ளை 18 வயதான பின் மூன்று ஆண்டுகளுக்குள் எதிர்த்து வழக்குப் போடலாம்.

பவர் வைத்து விற்பவரிடம் இன்னும் கவனம் வேண்டும். பவர் பத்திரம் மட்டும் சொத்துரிமையை மாற்றிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருக்கிறது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அதோடு முடிந்துவிடும். அதனால் பவர் கொடுத்தவரை நேரில் சந்தித்துப் பேசாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி என்றால் ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் துணைக்கு வருகிறது. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் போட்டு, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். விலையைக் கார்பெட் ஏரியா கணக்கில் கேளுங்கள். 'சூப்பர் பில்ட்-அப்' என்ற பெயரில் படிக்கட்டும் லிப்டும் உங்கள் சதுர அடிக்குள் ஏறியிருக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டாலோ ரெரா பதிவு கட்டாயமில்லை. புறநகரில் ஒரு கிரவுண்டில் எழும் நான்கு வீட்டுக் கட்டடங்கள் பலவும் இந்த வரம்புக்குள்தான் வருகின்றன. அங்கே சட்டத்தின் காவல் குறைவு. உங்கள் விசாரணை கூட வேண்டும்.

யூடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப்பங்கைப் பத்திரத்தில் சதுர அடியாகப் பாருங்கள். கட்டடம் பழையதாகும், மிஞ்சுவது அந்த நிலப்பங்குதான். தமிழ்நாட்டின் 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்ட வழிசெய்கிறது. அந்த நாளில் உங்கள் பங்கின் அளவு முக்கியமாகிவிடும்.

மண்ணையும் தண்ணீரையும் எந்தப் பத்திரமும் சொல்லாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை போரூர் அருகே மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்து இடிக்கப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைத் தமிழகமே பார்த்தது. மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். முனைக் கடைக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள்.

பணக் கணக்கில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீடு ரூ.60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரையிலான கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம், அதாவது ரூ.48 லட்சம். மீதி 12 லட்சம் உங்களுடையது. பதிவுச் செலவு இந்தக் கடனுக்குள் வராது. புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, ரூ.50 லட்சத்துக்கு மேல் ரூ.3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது ரூ.4.20 லட்சம். ஜிஎஸ்டி 5 சதவீதம், ரூ.3 லட்சம். ஆக ரூ.19.20 லட்சம் சொந்தப் பணமாக வேண்டும். இதில் கார் நிறுத்துமிடம், மின் இணைப்பு, மரவேலை எதுவும் சேரவில்லை. நகையை அடகு வைத்து, கூடுதல் வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கித் தவிப்பது இந்தக் கணக்கை முன்பே போடாததால்தான்.

இனி யார் பெயரில் பத்திரம் என்ற கேள்வி. கடன் தொகை கூட வேண்டும் என்பதற்காக மனைவியின் சம்பளத்தைக் காட்டி அவரை இணைக் கடனாளியாக்குவார்கள். கிரையப் பத்திரம் கணவன் பெயரில் மட்டும் இருக்கும். கணவன் தவணை கட்டத் தவறினால் வங்கி மனைவியிடமும் முழுக் கடனைக் கேட்கலாம். ஆனால் வீட்டில் அவருக்குப் பத்திரப்படி பங்கில்லை. இது அநியாயம். குடும்ப அன்பின் பெயரால் இதை மூடி மறைக்கக் கூடாது. சம்பளம் இல்லாத மனைவியின் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும். சவுதியில் வேலை பார்த்த கணவனின் வருமானத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கில், வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்த மனைவியின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது, அவருக்குச் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. அந்தப் பெண்மணி அதற்காகப் பல ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. பத்திரத்தில் இரண்டு பெயர் எழுதியிருந்தால் அந்த அலைச்சலே இல்லை.

இவ்வளவு பார்த்தும் சிக்கல் வந்தால்? பில்டர் சொன்ன தேதியில் வீடு தராவிட்டால், விலகி வட்டியுடன் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அல்லது காத்திருந்து, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம். பணத்தைத் திரும்பப் பெறும் இந்த உரிமை நிபந்தனையற்றது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் உறுதி செய்தது. வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளில் பில்டர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். புகாரை ரெரா ஆணையத்திலும் கொடுக்கலாம், நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு காலக்கெடு உண்டு. உத்தரவு கிடைத்தாலும் பணம் கைக்கு வரத் தாமதமாகலாம். அதனால் ரசீது, விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். பணம் கொடுப்பதெல்லாம் வங்கி வழியாகவே இருக்கட்டும். போலிப் பத்திரம் என்று தெரிந்தால் சென்னையில் மத்தியக் குற்றப்பிரிவிலும், மாவட்டங்களில் மாவட்டக் குற்றப்பிரிவிலும் உடனே புகார் கொடுங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.