கைக்கு எட்டியது காதுக்கு எட்டல... 40 வருஷம் கிடப்பில் கிடந்த ‘மைனா’ பேண்டின் பாட்டு!

எம்.சி.ஹாமரோட ‘யூ கான்ட் டச் திஸ்’ பாட்டை ரீல்ஸ்லயாவது கேட்டிருப்பீங்க. அதுல வர்ற அந்த பேஸ் கிடார் துண்டு, ரிக் ஜேம்ஸ் 1981-ல் பாடின ‘சூப்பர் ஃப்ரீக்’ல இருந்து எடுத்தது. ஃபங்க் இசையின் சூப்பர் ஸ்டார் அவர். ஆனா, அதுக்கு 15 வருஷம் முன்னாடியே கனடாவில் ஒரு பேண்டில் பாடி, ஜெயிக்கப்போற நேரத்துல ஜெயிலுக்குப் போனவர்!

பேண்டோட பேரு ‘தி மைனா பேர்ட்ஸ்’. ஊர், டொரான்டோ.

யார் இவங்க?

அமெரிக்கக் கடற்படை ரிசர்வில் சேர்ந்த ரிக், 1964-ல் சொல்லாமக்கொள்ளாம கனடாவுக்கு ஓடி வந்தார். பேரையும் ரிக்கி ஜேம்ஸ் மேத்யூஸ்னு மாத்திக்கிட்டார். 1966 தொடக்கத்துல கிடாரோட வந்து சேர்ந்தவர், நீல் யங். பேஸ் கிடார், ப்ரூஸ் பால்மர். கறுப்பினப் பாடகரும் வெள்ளைக்கார வாத்தியக்காரர்களும் ஒரே மேடையில் நிக்கிறது அப்போ அபூர்வம். கனடாவின் பெரிய கடைக் குடும்பத்து வாரிசான ஜான் கிரெய்க் ஈட்டன், கருவிகள் வாங்கப் பணம் கொடுத்தார்.

எங்கே சறுக்குச்சு?

டெட்ராய்ட்டின் புகழ்பெற்ற மோட்டவுன் கம்பெனி ஒப்பந்தம் போட்டுச்சு. ரெக்கார்டிங்கும் தொடங்கியாச்சு. பாட்டு விக்கிறதுக்கு முன்னாடியே கம்பெனி கொடுக்குற அட்வான்ஸ், வழக்கமா மேனேஜர் கை வழியாதான் பேண்டுக்கு வரும். இங்கே அந்தப் பணத்துலதான் தகராறு வெடிச்சது. மேனேஜரைக் கழட்டி விட்டாங்க. அடுத்து, ரிக்கி கடற்படையில் இருந்து ஓடி வந்தவர்ங்கிற விஷயம் மோட்டவுன் காதுக்குப் போச்சு. ‘முதல்ல போய் சரணடை’னு சொல்லிட்டாங்க. அவர் சிறைக்குப் போனார். குரல் இல்லாத பேண்டை வெச்சு என்ன பண்றது? பாட்டுகள் கிடப்புக்குப் போயிடுச்சு.

அப்புறம்?

நீல் யங்கும் பால்மரும் கருவிகளை வித்து, பழைய அமரர் ஊர்தி ஒண்ணை வாங்கி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஓட்டிட்டுப் போனாங்க. அதே 1966-ல் அங்கே ‘பஃபலோ ஸ்ப்ரிங்ஃபீல்ட்’ பேண்ட் பிறந்துச்சு. ரிக்குக்கு இன்னும் 12 வருஷம் ஆச்சு. 1978-ல் அதே மோட்டவுன் குடையின் கீழ் ‘கம் கெட் இட்!’ ஆல்பம் வந்துச்சு.

டேலன்ட் இருந்தது, ஸ்பான்சர் இருந்தார், பெரிய கம்பெனியும் இருந்தது. பணக் கணக்கும், மறைச்சு வெச்ச ஒரு பழைய விஷயமும் சேர்ந்து மொத்தத்தையும் கவுத்துடுச்சு.

அவங்களோட ‘இட்ஸ் மை டைம்’ பாட்டு 2006-லதான் வெளியாச்சு. ‘இது என் நேரம்’னு பேரு வெச்ச பாட்டுக்கு, நேரம் வர 40 வருஷம்! ஹெட்போன் மாட்டிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்க மக்களே.