மயக்கத்தில் இருப்பவருக்குக் காது கேட்கிறதா?

டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயம் இல்லை, நிதானமாகவே சொல்கிறேன். சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் மட்டும் கண் இமை தானாகத் துடிக்கும். நாளாக ஆக அது கன்னத்துக்கும் உதட்டோரத்துக்கும் இறங்கும். தூக்கத்தில்கூட விடாது. பெரும்பாலும் காரணம் மண்டைக்குள் இருக்கிறது. முகத்தசைகளை இயக்கும் ஏழாவது நரம்பு மூளைத்தண்டிலிருந்து புறப்படும் இடத்தில், ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் சாய்ந்து இடித்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பீட்டர் ஜானெட்டா என்ற அறுவை மருத்துவர் இதற்கு ஒரு வழியைப் பரவலாக்கினார்: காதுக்குப் பின்னால் எலும்பில் சிறிய திறப்பு, நுண்ணோக்கி வழியே பார்த்துக் குழாயை விலக்குவது, அதற்கும் நரம்புக்கும் நடுவே டெஃப்ளான் திணிப்பது.

ஆபத்து பக்கத்து நரம்புக்குத்தான். செவி நரம்பான எட்டாவது, ஏழாவதை ஒட்டியே போகிறது. உள்ளே வழி கிடைக்கச் சிறுமூளையைக் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால் செவி நரம்பு இழுபடும். துடிப்பு நின்றுபோய்க் கண் விழிப்பவருக்கு அந்தக் காதே கேட்காமல் போகலாம். விழித்த பிறகு தெரிந்து பயனில்லை. இழுபடும் அந்த நேரத்திலேயே தெரிய வேண்டும்.

இங்கேதான் ஆகே மோலர் வருகிறார். ஸ்வீடனில் செவிப்புலன் ஆராய்ச்சி செய்து, பிறகு பிட்ஸ்பர்க்கில் ஜானெட்டாவோடு சேர்ந்தவர். மயங்கிக் கிடப்பவரின் காதில் சிறிய ஒலிபெருக்கி வைத்து 'டிக், டிக்' என்று ஒலி கொடுப்பார்கள். மூளைத்தண்டு அதற்கு எழுப்பும் மின்னலைகளைத் தலைத்தோலில் பதிவுசெய்யலாம். முக்கியமானது ஐந்தாவது அலை. ஒலி கொடுத்து ஏறக்குறைய 6 மில்லிவிநாடியில் எழும். அது தாமதமானால் நரம்பு இழுபடுகிறது என்று பொருள். தொல்லை என்னவென்றால், இதன் அளவு ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு; மூளையின் மற்ற மின்சலசலப்பு அதைவிடப் பல மடங்கு. ஆயிரக்கணக்கான 'டிக்'குகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால்தான் அலை தெளியும். அதற்குள் நரம்பு கெட்டுவிடலாம்.

மோலர் மெல்லிய வெள்ளிக் கம்பியின் நுனியில் துளிப் பஞ்சு கட்டி, திறந்து கிடக்கும் செவி நரம்பின் மேலேயே வைத்தார். அங்கே சமிக்ஞை பெரிது. சில 'டிக்'குகளிலேயே திரையில் தெரிந்துவிடும். மருத்துவரிடம் உடனே சொன்னால், அவர் பிடியைத் தளர்த்துவார்.

நோயாளியின் காதைக் காப்பதற்காக வைத்த அதே பஞ்சு அறிவியலுக்கும் பதில் சொன்னது என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம். தலைத்தோலில் தெரியும் இரண்டாவது அலை, நரம்பு முடிந்த பிறகு மூளைத்தண்டுக்குள் பிறக்கிறது என்று பூனைகளை வைத்து நினைத்திருந்தார்கள். மனிதரில் அது செவி நரம்பிலேயே பிறப்பதை மோலரின் பதிவுகள் காட்டின. பூனையின் செவி நரம்பு சுமார் 0.8 செ.மீ., நம்முடையது சுமார் 2.5 செ.மீ. அவ்வளவு தூரம் கடக்க நேரம் பிடிக்கிறது.

முகத்துடிப்பிலும் அப்படித்தான். ஏழாவது நரம்பான முகநரம்பில் கண்பக்கம் போகும் கிளையில் மின்தூண்டல் கொடுத்தால், இந்த நோயாளிகளுக்குத் தாடைத் தசையும் துள்ளும். சாதாரணமாக அது அசையாது. இடிபடும் இடத்தில் நரம்பிழைகள், உறை தேய்ந்த ஒயர்கள்போல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மின்சாரத்தைக் கசியவிடுகின்றன என்பது அப்போதைய விளக்கம். 1984இல் மோலரும் ஜானெட்டாவும் நேரத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். தூண்டிய இடத்திலிருந்து இடிபடும் இடத்துக்கும், அங்கிருந்து தசைக்கும் ஆகும் நேரத்தைக் கூட்டினால், உண்மையில் ஆன நேரத்தைவிடக் குறைவாகவே வந்தது. சமிக்ஞை இன்னும் உள்ளே, மூளைத்தண்டிலுள்ள முகநரம்பின் கருத்தொகுதி வரை போய்த் திரும்புகிறது என்றும், மிகையாகத் தூண்டப்பட்டிருப்பது அதுவே என்றும் முடிவுசெய்தார்கள். எல்லாரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை; இந்தக் கணக்கு எனக்கு வலுவாகவே படுகிறது.

ஆபரேஷன் தியேட்டரில் இன்றும் அந்தத் தாடைத் துள்ளலைப் பார்க்கிறார்கள். இதற்காகத் தசைதளர்த்தி மருந்தை மயக்க மருத்துவர் அளந்தே கொடுக்க வேண்டும். அதிகமானால் எந்தத் தசையும் பதில் சொல்லாது. சரியான குழாயை விலக்கியதும் பெரும்பாலும் துள்ளல் சட்டென்று மறைந்துவிடும். மறையாவிட்டால், நரம்பின் பின்பக்கத்தில் இன்னொரு குழாய் ஒளிந்திருக்கிறதா என்று மருத்துவர் தேடிவிட்டுத்தான் மூடுவார்.