21-ஆம் பிறந்தநாளும் இரண்டு காப்பீடுகளும்

மணிமங்கலத்திலிருந்து கம்பெனி வேன் ஏறி ஒரகடத்துக்கு ஷிப்டுக்குப் போகிறவர் ஒருவர். சம்பளம் மாதம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மகன் பொறியியல் மாணவன். கல்லூரியில் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கேட்கிறார்கள். அப்பாவுக்குத்தான் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறதே, இது எதற்கு? இரண்டும் எப்படி இயங்குகின்றன என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குவோம். இ.எஸ்.ஐ.க்காகத் தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம், நிறுவனம் செலுத்துவது 3.25 சதவீதம். இவர் கணக்கில் அது 150 ரூபாயும் 650 ரூபாயும். ஆக, தொழிலாளி தருவது நாளுக்கு ஐந்து ரூபாய். ஒரு டீகூடக் குடிக்க முடியாத காசு. ஆனால் சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் பிடித்தம் ஒன்றுதான். கட்டுவது சம்பளத்தைப் பொறுத்தது, பெறுவது நோயைப் பொறுத்தது.

இது எப்படிக் கட்டுப்படியாகிறது? நூறில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவமனையில் சேர்வதாக வைத்துக்கொள்வோம். யார் அந்த ஒருவர் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆயிரம் பேர் சேர்ந்தால் சுமார் பத்துப் பேர் என்று சொல்லலாம். அதிலும் மூன்று கூடலாம், மூன்று குறையலாம். ஒரு லட்சம் பேர் சேர்ந்தால் ஆயிரம் பேர். வேறுபாடு முப்பதைச் சுற்றித்தான் இருக்கும். முப்பது சதவீதமாக இருந்த தடுமாற்றம் மூன்று சதவீதமாகச் சுருங்கிவிட்டது! இது 'பேரெண் விதி'. கூட்டம் பெருகப் பெருக, கணிக்க முடியாதது கணக்குக்குள் அடங்கும் என்பது இதன் சாரம். இதை முதலில் நிரூபித்தவர் ஜேக்கப் பெர்னூலி. அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1713-இல்தான் அந்த நிரூபணம் அடங்கிய நூல் வெளிவந்தது.

கூட்டம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. நோய் வரும் என்று தெரிந்தவர்கள் மட்டுமே சேர்ந்தால் கட்டணம் ஏறும், ஏறினால் ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள், மீண்டும் ஏறும். இதற்குப் 'பாதகத் தேர்வு' என்று பெயர். கல்லூரித் திட்டம் கட்டாயமாக இருந்தால் இதை எளிதாக முறியடிக்கிறது: எல்லா மாணவர்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. அதுவும் இளைஞர் கூட்டம். அதனால் பல குழுக் காப்பீடுகளில் மருத்துவப் பரிசோதனை கிடையாது. பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. தனியாக வாங்கும் பாலிசியிலோ, ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம்.

இ.எஸ்.ஐ.யின் நுட்பம் இன்னும் ஆழமானது. 2017 முதல் அதன் சம்பள வரம்பு 21,000 ரூபாய். ஓவர்டைம் பார்த்து அதைத் தாண்டினால் வெளியேற்றிவிடுவார்களா? மாட்டார்கள்.  வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் பணம் கணக்கில் வராது. ஊதிய உயர்வு கிடைத்து உண்மையிலேயே தாண்டினாலும், செப்டம்பரிலோ மார்ச்சிலோ முடியும் அந்த அரையாண்டு வரை உறுப்பினர்தான்.

இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியேறிய பின்னர் குடும்ப ஃப்ளோட்டர் பாலிசி வாங்கலாம். ஒரே காப்பீட்டுத் தொகையை வீடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. பிரீமியம் பெரும்பாலும் மூத்தவரின் வயதைப் பார்த்தே அமையும். அதனால் மாணவனைச் சேர்க்க அதிகம் ஆகாது. ஆனால் அப்பாவின் அறுவை சிகிச்சைக்குப் போனதுபோக மிஞ்சுவதுதான் மற்றவர்களுக்கு.

இப்போது முக்கியமான முடிச்சு. இ.எஸ்.ஐ. விதிப்படி, பெற்றோரை நம்பிப் படிக்கும் மகனுக்கு 21 வயது நிறையும் வரைதான் பாதுகாப்பு. மணமாகாத மகளுக்கு அந்த வரம்பு இல்லை. பொறியியல் படிப்போ நான்கு ஆண்டு. பதினெட்டு வயதில் சேர்ந்த மகன், பட்டம் வாங்குவதற்கு முன்பே ஒரு பிறந்தநாளில் அப்பாவின் அட்டையிலிருந்து விலகிவிடுகிறான். ஒரே வீட்டில், ஒரே அட்டையில், அக்காவுக்கு ஒரு கணக்கு, தம்பிக்கு ஒரு கணக்கு.

ஆகவே கல்லூரி அலுவலகத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். விபத்துக்கு மட்டுமா, நோய்க்கும் சேர்த்தா? காத்திருப்புக் காலம் உண்டா? படிப்பு முடிந்ததும் அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறலாமா? மாற முடிந்தால், கழிந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் சேரும். பதில்கள் திருப்தியாக இருந்து, சேர்வது விருப்பத்தைப் பொறுத்தது என்றால், மகனின் 21-ஆம் பிறந்தநாள் எந்தக் கல்வியாண்டில் வருகிறதோ, அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே பணம் கட்டிவிடுங்கள். அதுவரை அப்பாவின் இ.எஸ்.ஐ. அட்டையே போதும்.