பெற்றோர் பிரிந்தாலும் பிள்ளைக்கு இருவரும் வேண்டும்

குடும்பம் என்றால் சண்டை சச்சரவு இருக்கத்தான் செய்யும். பெரியவர்கள் கூடிப் பேசினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எவ்வளவு பேசியும் ஒட்டாமல் சில தம்பதிகள் மணவிலக்குப் பெற்றுப் பிரிகிறார்கள். குற்றம் யாருடையது என்று நாம் இன்று ஆராயப் போவதில்லை. பிரிந்த பிறகு பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்பதே இன்றைய பேச்சு.

தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லித் தரும் நாம் இதை அடிக்கடி காண்கிறோம். சுற்றுலாவுக்கு அனுமதிக் கடிதம் கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் மறுநாள் கையெழுத்தோடு வருவார்கள். ஒரு பிள்ளை மட்டும் கடிதத்தைப் புத்தகப் பைக்குள்ளேயே வைத்திருக்கும். அப்பாவிடம் கேட்டால் அம்மா கோபிப்பாரோ, அம்மாவிடம் கேட்டால் பணம் இல்லை என்பாரோ என்ற அச்சம் அதற்கு. பெரியவர்களின் வழக்கை அந்தப் பிஞ்சு மனம் சுமக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கும் மணவிலக்குக்கும் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அது 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளை யாரிடம் வளர்வது என்று முடிவு செய்யும்போது நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. பெற்றோரின் விருப்பத்தையும், விவரம் தெரிந்த வயதானால் பிள்ளையின் விருப்பத்தையும் அது கேட்டறியும். 7 வயதுக்கு உட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பது நல்லது என்பது சட்டத்தின் பொதுவான கருத்து. ஆனால் அது மாற்ற முடியாத விதியன்று. பிள்ளையை அங்கும் இங்கும் மாற்றி அதன் வாழ்வைக் குலைப்பது நல்லதன்று என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும்.

தாயிடம் பிள்ளை வளர்ந்தால் தந்தையின் உறவு அறுந்துவிடுமா? இல்லை. அவர் பிள்ளையைப் பார்க்கவும், பிள்ளை அவரிடம் சென்று தங்கவும் நீதிமன்றம் வழி செய்யலாம். இருவரும் சம்மதித்துக் கூட்டாக மனுச் செய்தாலும், பிள்ளைகளுக்குத் தக்க ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மணவிலக்குக் கிடைக்கும். ஆகவே அந்த ஏற்பாட்டை நீங்களே முன்கூட்டிப் பேசி எழுதிக்கொள்வது நல்லது.

ஓர் உதாரணம் பார்ப்போம். தாய் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளையோடு இருக்கிறார். தந்தை பினாங்குத் துறைமுகத்தில் வேலை செய்து, தீவில் ஜார்ஜ்டவுனில் தங்கியிருக்கிறார். நடுவே கடல். அவருக்கு ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. "ஒவ்வொரு சனிக்கிழமையும்" என்று எழுதினால் இரண்டாவது வாரமே தகராறு வரும். "பகல் வேலை வாரத்துச் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பட்டர்வொர்த் படகுத்துறையில் அழைத்துக்கொள்வது, ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே இடத்தில் ஒப்படைப்பது" என்று எழுதினால் குழப்பம் இல்லை. தீபாவளி அம்மாவோடு, தைப்பூசம் தண்ணீர்மலையில் அப்பாவோடு என்றும், அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வது என்றும் வகுக்கலாம். பள்ளி விடுமுறை, மருத்துவச் செலவு, பள்ளிச் செலவு ஆகியவற்றையும் எழுதுங்கள்.

நான்கு காரியங்களை மறக்க வேண்டாம். ஒன்று, பணத்தையும் பார்வையையும் முடிச்சுப் போடாதீர்கள். பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும், காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் பிள்ளையைத்தான் தண்டிக்கும். இரண்டு, பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். மூன்று, ஒருவரைப் பற்றி மற்றவர் பிள்ளையிடம் இழிவாகப் பேசாதீர்கள். தாத்தா பாட்டிகளுக்கும் இது பொருந்தும். நான்கு, இருவருடைய தொலைபேசி எண்களையும் பள்ளியில் கொடுத்து வையுங்கள்.

பிள்ளையின் பராமரிப்புச் செலவு முன்பு 18 வயதோடு முடிந்தது. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மேற்கல்வியோ தொழிற்பயிற்சியோ முடியும்வரை அது நீளலாம். ஒருவருக்கு வேலை போனாலோ, நிலைமை மாறினாலோ, உத்தரவை மாற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டவர்களுக்கு மணவிலக்கு மனுவில் சிக்கல் உண்டாகலாம். ஆயினும் பிள்ளையின் செலவுக்கு 1950-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின்படி வழக்கிடலாம். பதிவு இல்லை என்பதற்காகப் பிள்ளை பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

அடி உதை இருந்த வீட்டுக்கு நாம் சொன்ன சமரசப் பேச்சு பொருந்தாது. அங்கே முதலில் வேண்டுவது பாதுகாப்பு. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவு பெறலாம். காவல் நிலையத்தில் புகார் செய்யத் தயங்க வேண்டாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவில் விசாரிக்கலாம்.

நேயர்களே! கணவன் மனைவி என்ற உறவை நீதிமன்றம் முடித்து வைக்கலாம். தாய், தந்தை என்ற உறவை முடிக்க எந்த மன்றத்தாலும் ஆகாது. படகுத்துறையில் பிள்ளையை ஒப்படைக்கும்போது ஒருவரையொருவர் பார்த்து, "சாப்பிட்டானா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளையின் மனப்பாரம் பாதி இறங்கிவிடும்.