சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரிண்டர்

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் வெர்னியர் காலிப்பர் பிடித்துப் பழகிய கைகளுக்குப் பஞ்சமில்லை. 1965-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனமான மெட்ராஸ் ரிஃபைனரீஸ் உருவான காலம் தொட்டு ஃபிட்டர், வெல்டர், லேத் ஆபரேட்டர் என்று தலைமுறைகள் இங்கே வேலை கற்றிருக்கின்றன. அதே வட்டாரத்தில், மணலி புதுநகரில் மண்பாண்டக் கலை சொல்லித்தரும் ஓர் ஆசிரியர், நாற்பதைத் தாண்டிய பிறகு முப்பரிமாண பிரிண்டரும் லேசர் கட்டரும் கற்க முடியுமா? தாராளமாக முடியும். கணினி மட்டும் தெரிந்த இளைஞரைவிட அவருக்கு ஒருபடி எளிதும்கூட.

இங்கிலாந்தில் வாழும் ஜோனாதன் கீப் இதற்கு நல்ல சாட்சி. தென்னாப்பிரிக்காவில் பிறந்த இவர், பல ஆண்டுகள் கையால் மட்பாண்டம் செய்த பிறகே களிமண் பிரிண்டரைத் தொட்டார். தானே வடிவமைத்த பிரிண்டரின் செய்முறையை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தும்விட்டார்.

எங்கே தொடங்குவது? களிமண் பிரிண்டரை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். சாதாரண பிளாஸ்டிக் பிரிண்டரில் மூல வடிவத்தை எடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு வார்த்து, அதில் களிமண் கரைசலை ஊற்றுவதே சுலபமான முதல் பாடம். இங்கேதான் அனுபவம் பேசும். காய்ந்து வெந்ததும் மண் 12 சதவீதம் சுருங்கும் என்றால், 100 மில்லிமீட்டர் கிண்ணத்துக்குத் திரையில் ஏறத்தாழ 114 மில்லிமீட்டர் வரைய வேண்டும். எந்த மண் எவ்வளவு சுருங்கும் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. சூளையைப் பார்த்துப் பார்த்துக் கற்றவருக்குத் தெரியும். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கோ 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகும். அதனால் மெல்லிய மூல வடிவம் கோணிவிடலாம்.

லேசர் கட்டரில் பிளைவுட் வெட்டி, விளிம்பு வழிக்கும் அச்சுத் தகடுகள் செய்துகொள்ளலாம். பி.வி.சி. தகட்டை மட்டும் அதில் வைக்கவே கூடாது. நச்சு வாயு வரும். களிமண் பிரிண்டருக்கு வந்தாலும் பழைய வேலை மாறாது. மண்ணை நன்றாகப் பிசைந்து காற்றுக் குமிழை நீக்காவிட்டால் பிரிண்டரிலிருந்து வரும் மண் இழை நடுவில் அறுந்துவிடும்.

கருவிகளுக்கு எங்கே போவது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நீல் கெர்ஷென்ஃபெல்டு முன்னெடுத்த ‘ஃபேப் லேப்’ என்னும் பொதுக் கருவிப் பட்டறை, 2002-லேயே புணே அருகே பாபல் கிராமத்து விஞ்ஞான் ஆசிரமத்துக்கு வந்துவிட்டது. ஒரு கிராமத்துக்கு வாய்த்தது, இத்தனை ஆலைகள் சூழ்ந்த வடசென்னைக்கும் வாய்க்க வேண்டும்.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. 2016-இல் தொடங்கிய மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வான பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. 6 முதல் 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்கான அந்த ஆய்வகங்களில் முப்பரிமாண பிரிண்டரும் இருக்கிறது. விடுமுறை நாள்களில் அவற்றைக் கைவினைஞர்களுக்கும் கலை ஆசிரியர்களுக்கும் திறந்துவிடலாம். பள்ளி நிர்வாகங்களும் கல்வித் துறையும் மனம் வைக்க வேண்டும்.