படக்கதை முன்னோடிகள் – 9: பதினோராம் எண் கிருஷ்ணன்

அமர் சித்திரக் கதை வரிசையில் 'கிருஷ்ணா' புத்தகத்தின் எண் 11. அதற்கு முந்தைய பத்தும் சிண்ட்ரெல்லா போன்ற மேல்நாட்டுக் கதைகள், கன்னடத்தில் வந்தவை. அந்த வரிசையைப் புராணத்தின் பக்கம் திருப்பியவர் அனந்த் பை.

1929இல் கர்நாடகத்தின் கார்க்களாவில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே பெற்றோர் இருவரையும் இழந்தார். பன்னிரண்டு வயதில் பம்பாய் வந்து, வேதியியல் தொழில்நுட்பம் படித்தார். ஆனால் மனசு அச்சு மையில்தான். 1954இல் 'மானவ்' என்று ஒரு சிறுவர் பத்திரிகை தொடங்கினார், நிற்கவில்லை. பிறகு டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வேலை. 1964இல் அங்கிருந்து ஃபேண்டமின் சாகசங்களோடு புறப்பட்ட இந்திரஜால் காமிக்ஸில் அவருடைய கையும் உண்டு.

1967இல் டில்லி. தூர்தர்ஷன் வினாடி வினாவில் கிரேக்கக் கடவுள்களைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் பட்டென்று பதில் சொன்னார்களாம். ராமனின் தாய் யார் என்றதும் முழித்தார்களாம். (பம்பாய்க்கு டிவி வந்ததே 1972இல்தான், ஊரிலேயே இருந்திருந்தால் அவர் இதைப் பார்த்திருக்க வழியில்லை.) பை வாழ்நாள் முழுக்கச் சொன்ன கதை இது. இந்தியா புக் ஹவுஸ் நிறுவனத்தின் மிர்சந்தானி கைகொடுத்தார். ராம் வாயீர்கர் படம் வரைந்தார்.

எனக்கு அதைவிடச் சுவாரஸ்யமாகப் படுவது அவருடைய தயக்கம். அறிவியல் படித்தவர் அல்லவா? அற்புதங்களைப் பிள்ளைகளுக்கு அப்படியே காட்டலாமா என்று யோசித்து, முதல் பதிப்பில் கோவர்த்தனகிரியை அடக்கியே வாசித்தார். புத்தகம் ஊன்றிய பிறகு வந்த பதிப்பில் கிருஷ்ணன் மலையைத் தாராளமாகத் தூக்கினான். ஆசிரியர் ஒருவரின் மனமாற்றம், ஒரு தலைமுறையின் கிருஷ்ணனையே மாற்றிவிட்டது!

அந்த அதிகாரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தேவர்கள் சிவப்பு, அசுரர்கள் கறுப்பு என்று பிஞ்சு மனங்களில் பதிய வைத்ததில் இந்தப் புத்தகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆய்வாளர்கள் வைத்த அந்தக் குற்றச்சாட்டை, பை மீதுள்ள பிரியத்துக்காக நான் தள்ளிவிட மாட்டேன். அதேசமயம், கண்ணகியையும் பாரதியையும் அம்பேத்கரையும் ஒரே அலமாரியில் வைத்து நாடெங்கும் கொண்டுபோனவரும் அவர்தான்.

1980இல் 'டிங்கிள்' தொடங்கினார். திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பிய நாட்டுப்புறக் கதையிலிருந்து அங்கே பிறந்தவன்தான் சுப்பாண்டி. எஜமான் சொல்வதை அட்சரம் பிசகாமல் செய்து கெடுக்கும் அந்த வேலைக்காரப் பையன் நம்ம ஊர்ச் சரக்கு என்பது வடக்கே பலருக்குத் தெரியாது.

'அங்கிள் பை' 2011 பிப்ரவரி 24 அன்று மும்பையில் மறைந்தார். வயது 81. அடுத்த வாரம் சிவகாசிக்குப் போகிறோம்: முத்து காமிக்ஸ். பழைய இதழ்கள் பரணில் இருந்தால் தூசி தட்டி எடுத்து வையுங்கள்.

(தொடரும்)